சாரல் ஊரில் இகுவானாவின் எலும்பு தேறிய விதம்: விளக்கு, கூண்டு, கீரை

புனலூரில் இருக்கும் அக்கா மகன் துபாய் வேலைக்குக் கிளம்பும்போது தன்னிடம் இருந்த பச்சை இகுவானாவை, அதாவது வெளிநாட்டுப் பெரிய ஓணான் ஒன்றை, என் பொறுப்பில் விட்டுப் போனான். பெயர் குட்டன். வயது ஒன்றைத் தாண்டியிருக்கும். வேறொருவர் கண்ணாடி மீன் தொட்டியில் வைத்து வளர்த்து, பார்க்க முடியாமல் இவனிடம் தள்ளிவிட்டிருந்தார். இவனிடம் அது இருந்ததே கொஞ்ச நாள்தான். "மாமா, வயரிங் வேலையெல்லாம் நீங்க பார்ப்பீங்க, இதுக்கு நல்லா ஒரு கூண்டு போட்டுக் கொடுங்க, லீவுக்கு வந்ததும் எடுத்துக்கிறேன்" என்றான். வண்டி புளியரை இறக்கத்தைத் தாண்டி செங்கோட்டைக்குள் வந்தபோது வைகாசி கடைசி. மலைமேல் மேகம் கட்ட ஆரம்பித்திருந்தது.

தொட்டியிலிருந்து தூக்கியதுமே உடம்பு சரியில்லை என்று தெரிந்துவிட்டது. நல்ல இகுவானா நான்கு கால்களையும் ஊன்றி நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். இது வயிற்றைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனது. கீழ்த்தாடை இரண்டு பக்கமும் உப்பி, சிரிப்பது போன்ற தோற்றம். விரலால் லேசாக அழுத்தினால் தாடை ரப்பர் மாதிரி உள்ளே போய்த் திரும்பியது. பின்னந்தொடைகள் உருண்டு திரண்டு இருந்தன; பார்ப்பவர்கள் நல்ல கொழுகொழு வளர்ப்பு என்பார்கள். ஆனால் அது சதை கிடையாது. எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து போக, அந்த இடத்தை நிரப்ப நார்த்திசு வளர்ந்து தொடை வீங்கியிருக்கிறது. கையில் வைத்திருந்தபோது முன்னங்கால் விரல்கள் தானாகத் துடித்தன. அந்தத் துடிப்புதான் என்னைப் பயமுறுத்தியது. ரத்தத்திலேயே கால்சியம் இறங்கிவிட்டது, இனி வலிப்பு வரலாம் என்பதற்கு அது அடையாளம்.

இந்த நோய்க்குக் கால்சியம் குறைபாடு என்று பெயர் சொல்லிவிடுகிறோம். அதனால் கால்சியம் பவுடரைத் தூவினால் தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தொட்டியோடு எனக்கு வந்த சாமான்களிலும் பாதி காலியான ஒரு பவுடர் டப்பா இருந்தது. பழைய வீட்டில் தூவித்தான் இருக்கிறார்கள். தூவியது அத்தனையும் கழிவோடு வெளியே போயிருக்கிறது. குடல் கால்சியத்தை உள்ளே இழுக்க வேண்டுமானால் வைட்டமின் டி3 வேண்டும். பகலில் வெயில் காயும் ஓணான் வகைகள் அந்த டி3-ஐத் தோலிலேயே தயாரிக்கின்றன. 290 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாக் கதிர், அதாவது யுவிபி, தோலில் பட்டதும் அங்குள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருள் டி3-க்கு முந்தைய நிலைக்கு மாறுகிறது. அது முழு டி3 ஆக உடம்புச் சூடு வேண்டும். பிறகு கல்லீரலில் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம். அதற்கு அப்புறம்தான் அது குடலில் வேலை செய்யும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் தலைகீழாக நின்றாலும் கால்சியம் உடம்பில் ஏறாது. ரத்தத்தில் அளவு குறைந்ததும் பாராதைராய்டு சுரப்பி முழித்துக்கொள்கிறது. இதயமும் தசையும் ஓடியாக வேண்டுமே என்று எலும்பிலிருந்து பிடுங்கிக் கொடுக்கிறது. எலும்பு கரையக் கரைய ரத்தப் பரிசோதனையில் கால்சியம் ரொம்ப நாள் சரியாகவே காட்டும். வெளியில் தெரிய ஆரம்பிக்கும்போது உள்ளே பாதிக் கிணறு தாண்டியிருக்கும்.

மறுநாளே திருவனந்தபுரம் கிளம்பினோம். தென்மலை, குளத்துப்புழை, மடத்தறை, பாலோடு, நெடுமங்காடு வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர் வளைவுப் பாதை. குட்டனை ஒரு பிளாஸ்டிக் கூடையில் மடித்த துண்டின் மேல் படுக்க வைத்து, சுற்றிலும் சுருட்டிய துணி வைத்து அணை கட்டிக்கொண்டேன். வண்டி குலுங்கி உடம்பு புரண்டாலே எலும்பு முறியக்கூடிய நிலை. அங்கே ஊர்வன பார்க்கும் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துத் திரையில் காட்டினார். தொடை எலும்பின் இரு ஓரமும் அழுத்தமான வெள்ளைக் கோடாகத் தெரிய வேண்டும். குட்டனுக்கு அது பென்சிலால் லேசாக இழுத்த கோடு போல இருந்தது. முதுகெலும்பு எங்கே முடிகிறது, சதை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்கவே முடியவில்லை. வலது முன்னங்காலில் எப்போதோ முறிந்து கோணலாகக் கூடிய எலும்பு.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் மருந்தில் கை வைத்தார். வயதான இகுவானாக்களுக்குச் சிறுநீரகம் கெட்டும் இதே மாதிரி எலும்பு கரைவதுண்டு. அப்போது ரத்தத்தில் பாஸ்பரஸ் எகிறி நிற்கும். அது தெரியாமல் கால்சியத்தை ஏற்றினால் ரத்தக் குழாயிலும் சிறுநீரகத்திலும் போய்ச் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். குட்டனுக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தது. துடிப்பு இருந்ததால் கால்சியம் குளுக்கோனேட் ஊசியை நீர்த்துப் போட்டார். அப்புறம் வீட்டில் வாய் வழியாகக் கொடுக்கத் திரவக் கால்சியம். எடைக்குத் தகுந்த அளவை சிரிஞ்சில் கோடு போட்டே கொடுத்துவிட்டார். அந்த அளவை இங்கே எழுதப் போவதில்லை. உங்கள் பிராணியின் எடையும் ரத்தமும் பார்த்தவர்தான் அதைச் சொல்ல வேண்டும். கிளம்பும்போது அவர் சொன்னது இதுதான்: "சேட்டா, மருந்து நான் கொடுத்தது ஆபத்தைத் தாண்டறதுக்கு. எலும்பு கட்டறது உங்க கூண்டுலதான்."

முதல் சில வாரங்களுக்குப் பெரிய கூண்டு வேண்டாம் என்று ஒரு தாழ்வான பெட்டியில்தான் வைத்தேன். எலும்பு மெத்தென்று இருக்கும்போது ஏறவிட்டால், அரை அடி உயரத்திலிருந்து விழுந்தாலும் முறியும். கிளை கிடையாது, கல் கிடையாது. அடியில் மடித்த துண்டு. ஒரு ஓரத்தில் வெப்பம், மேலே யுவிபி விளக்கு, மறு ஓரத்தில் நிழல். தூக்கும்போது ஒரு கையை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் அடியில் முழுதாகக் கொடுத்து, இன்னொரு கையில் பின்னங்கால்களைத் தாங்கியே தூக்க வேண்டும். அது நகத்தால் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தால் இழுக்கக் கூடாது. ஒவ்வொரு விரலாக நகர்த்திவிட வேண்டும். இழுத்தால் விரல் எலும்பு போய்விடும். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில், தோள் மட்டத்துக்கு மேல் போகாமல், சற்று நேரம் உட்கார வைத்தேன். இந்த நோயில் குடல் தசையும் சோர்ந்து மலச்சிக்கல் வரும். தண்ணீரில் உட்கார்ந்ததும் பெரும்பாலும் அங்கேயே கழித்துவிடும்.

இதற்கிடையே பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "ஏ தம்பி, சுண்ணாம்புச் சத்துதானே குறைச்சல், வெத்தலைச் சுண்ணாம்பைத் துளி கீரையில தடவி வையேன்" என்றார். அவர் நல்ல மனதோடு சொன்னதுதான், ஆனால் அதை யாரும் செய்துவிடக் கூடாது. வெற்றிலைச் சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு. காரம் கூடியது, வாயையும் உணவுக்குழாயையும் புண்ணாக்கிவிடும். நமக்கு வேண்டியது கால்சியம் கார்பனேட். முட்டை ஓடு கிட்டத்தட்ட முழுக்க அதுதான். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கும் கணவாய் ஓடும் அதுதான். முட்டை ஓட்டைக் கழுவி, உள்தோலை உரித்து, கொதிக்க வைத்துக் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அடித்து, பிறகு மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளலாம். கொரகொரப்பு இருந்தால் குட்டன் கீரையையே ஒதுக்கிவிடுகிறது. பவுடர் டால்கம் மாதிரி நைசாக இருக்க வேண்டும்.

இனி கூண்டு. எனக்குக் கைவந்த வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அகலம் 6 அடி, ஆழம் 3 அடி, உயரம் 6 அடி. ஒரு வயதுக் குட்டிக்கு இது பெரிதாகத் தெரியும். ஆனால் பச்சை இகுவானா வால் நுனி வரை ஐந்தடிக்கு மேல் வளரும் பிராணி. சட்டத்துக்குப் பழைய தேக்கு ரீப்பர், பின்புறமும் பக்கங்களும் 12 எம்எம் மரைன் ப்ளைவுட், முன்புறம் அரை அங்குலக் கண் உள்ள வெல்ட்மெஷ். ப்ளைவுட்டுக்கு வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்து, வாடை முழுதும் போகும்வரை காற்றில் போட்டு வைத்தேன். இகுவானாவுக்கு ஈரப்பதம் வேண்டும்; சாரல் காலத்தில் எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை, ஆனால் பெயிண்ட் இல்லாத ப்ளைவுட் அந்த ஈரத்தில் உப்பிவிடும்.

கண்ணாடி ஏன் வைக்கவில்லை என்று கேட்டார்கள். இதற்கு வாய்ப்பேச்சைவிட மீட்டர் நல்ல பதில் சொல்லும். மருமகனின் நண்பன் ஒருவனிடம் யுவி இண்டெக்ஸ், அதாவது புற ஊதாக் கதிரின் வலிமையை, அளக்கும் கைமீட்டர் இருந்தது. இரவல் வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அளந்தேன். முதலில் பழைய தொட்டியோடு வந்த சுருள் பல்பு. அட்டைப் பெட்டியில் யுவிபி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. போட்டால் கண் கூசுகிறது. மீட்டரைக் கையெட்டும் தூரத்தில் பிடித்தால் 0.1. இந்த விளக்குகளில் வெளிச்சம் இருக்கும்போதே யுவிபி தீர்ந்துவிடும். நம் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அடுத்து புதிதாக வாங்கிய, 12 சதவீத யுவிபி என்று போட்ட மெல்லிய டி5 டியூப், பின்னால் ரிஃப்ளெக்டரோடு. 35 சென்டிமீட்டர் கீழே பிடித்தேன்: 4.2. நடுவில் ஜன்னலுக்கு அடிக்கிற கொசுவலையை நீட்டினேன்: 2.6. கொசுவலையை எடுத்துவிட்டு 4 எம்எம் ஜன்னல் கண்ணாடியை நீட்டினேன்: 0.0. நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி நீட்டினாலும் 0.0. நிறமில்லாத பாலிகார்பனேட் ஷீட்டும் அப்படியே. குட்டன் அந்த மீன் தொட்டிக்குள் ஜன்னலோர வெயிலில் தினமும் கிடந்திருக்கிறது. வெயிலின் சூடும் வெளிச்சமும் அதற்குக் கிடைத்தது. எலும்புக்கு வேண்டிய கதிர் மட்டும் ஒரு துளிகூட உள்ளே வரவில்லை.

ஊர்வன வளர்ப்பவர்கள் ஃபெர்குசன் மண்டலம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். காட்டில் எந்த இனம் எவ்வளவு வெயில் காய்கிறது என்பதை யுவி இண்டெக்ஸில் அளந்து நான்கு மண்டலமாகப் பிரித்தது. பச்சை இகுவானா மூன்றாவது மண்டலம்: வெயில் காயும் இடத்தில் 3-லிருந்து 7-க்குள், மற்ற இடங்களில் 1-லிருந்து 2.6-க்குள். வெயில் கிளையில் 4 கிடைக்கும்படியும், கீழ்த்தட்டுக்கு வரவர 1-க்குக் குறைந்து, செடி மறைவில் ஒன்றுமே இல்லாமல் போகும்படியும் டியூபைப் பொருத்தினேன். அதுவே வேண்டியபோது வந்து, போதும் என்றால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். நிழல் இல்லாத யுவிபி கண்ணைக் கெடுத்துவிடும். அதே காரணத்துக்காக டியூபை எப்போதும் தலைக்கு மேலேதான் மாட்ட வேண்டும். பக்கவாட்டில் மாட்டினால் கதிர் நேரே கண்ணில் பாயும். மேலிருந்து வந்தால் புருவ மேடு மறைத்துக்கொள்ளும்.

வெப்பத்துக்கு 100 வாட் ஹாலஜன் பல்பு, பீங்கான் ஹோல்டரில். பிளாஸ்டிக் ஹோல்டர் இந்தச் சூட்டில் உருகிவிடும், அந்தப் பக்கமே போகாதீர்கள். பல்பைச் சுற்றி வெல்ட்மெஷ்ஷில் ஒரு கூடை, இல்லாவிட்டால் இகுவானா போய் அணைத்துக்கொண்டு வெந்துபோகும். சுடுகல் என்று மின்சாரத்தில் சூடாகும் கல் விற்கிறார்கள். வயிறு வெந்தாலும் ஊர்வன எழுந்து போகாமல் படுத்திருக்கும், அதனால் அது வேண்டவே வேண்டாம். ஹாலஜனையும் டியூபையும் ஒரே கிளையின் மேல், ஒன்றையொன்று ஒட்டி மாட்டியிருக்கிறேன். கூண்டில் நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான். சூடு ஒரு மூலையில், யுவிபி இன்னொரு மூலையில் என்று இருந்தால் பிராணி சூட்டுப் பக்கம்தான் கிடக்கும். கிளையின் மேல்பரப்பு 36 டிகிரி, கூண்டின் குளிர்ந்த பக்கம் 27, 28. இரவில் எல்லாம் அணைந்துவிடும். எங்கள் ஊரில் வருடத்தில் பெரும்பாலான இரவுகளுக்கு வேறு சூடு தேவையில்லை. மார்கழி, தையில் 22-க்குக் கீழே இறங்கும் ராத்திரிக்கு மட்டும் ஒளியில்லாத செராமிக் ஹீட்டர். கிளை அதன் உடம்பு அகலத்துக்குக் குறையாமல், முழு உடம்பையும் கிடத்தும்படி இருக்க வேண்டும் என்பதால் ஒரு கொய்யாக் கவட்டையை வெட்டி வந்தேன்.

டைமரில் காலை 6.30-க்குப் போட்டு மாலை 6.30-க்கு அணையும். ஈரம் தெளிக்கிற கூண்டு என்பதால் எர்த்தும், கரண்ட் கசிந்தால் துண்டித்துவிடும் ஆர்சிசிபியும் இல்லாமல் இணைப்புக் கொடுக்காதீர்கள். டியூப் மாட்டிய தேதியை ஹோல்டர் பக்கத்திலேயே மார்க்கரில் எழுதிவிடுங்கள். டி5 டியூபை வருடத்துக்கு ஒருமுறை, பழைய தடித்த டி8 ரகத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எரிந்துகொண்டிருந்தாலும் மாற்றிவிடுவது நல்லது. மீட்டர் கையில் இருந்தால் அளந்து பார்த்து முடிவு செய்யலாம்.

சரி, கீரைக்கு வருவோம். இந்த விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். இகுவானா முழுத் தாவர உண்ணி. புழு, பூச்சி, முட்டை, நாய் பிஸ்கட் எதுவும் அதற்கு ஆகாது. தீனியில் கால்சியமும் பாஸ்பரஸும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இருப்பது நல்லது. பாஸ்பரஸ் கூடினால் அது கால்சியத்தைக் குடலிலேயே பிடித்துவைத்து வெளியேற்றிவிடும். குட்டனுக்குப் பழைய வீட்டில் கிடைத்தது வாழைப்பழமும் வெள்ளரியும் பாலக்கும். வாழைப்பழத்தில் கால்சியத்தைப்போல நான்கு மடங்கு பாஸ்பரஸ். வெள்ளரி வெறும் தண்ணீர். பாலக்கில் கால்சியம் இருந்தும் பயனில்லை. அதிலுள்ள ஆக்ஸலேட் அதைக் கட்டிவைத்துவிடும். தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை எல்லாம் அதே சாதிதான், எப்போதாவது ஒரு பிடி போதும்.

முருங்கைக்கீரையைப் பாருங்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 100 கிராமில் கால்சியம் 440 மில்லிகிராம், பாஸ்பரஸ் 70. அகத்தியில் கால்சியம் 1130, பாஸ்பரஸ் 80. கடையில் வாங்கும் எந்தச் செல்லப்பிராணித் தீனியும் இதன் பக்கத்தில் நிற்காது. வீட்டுக்கு வீடு முருங்கை நிற்கிற ஊரில் இந்தப் பிராணி எலும்பு கரைந்து கிடப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. அதற்காக முருங்கையை மட்டுமே போடுவதும் சரியில்லை. மல்பெரி இலை, செம்பருத்தியின் கொழுந்தும் பூவும், குதிரைமசால், துருவிய பரங்கிக்காய், நறுக்கிய பீன்ஸ் என்று மாற்றி மாற்றிக் கலக்கிறேன். குதிரைமசால் மாட்டுத் தீவனம் வளர்ப்பவர்களிடம் கிடைக்கும்; வேலிமசால் வேறு செடி, மாற்றி வாங்கிவிடாதீர்கள். மல்பெரி இலை பட்டுப்புழு வளர்க்கிறவர்களிடம் வாங்குவது நல்லது. புழு செத்துவிடும் என்பதால் அவர்கள் அந்த இலையில் பூச்சிமருந்து படவிட மாட்டார்கள். சந்தைக் கீரையை நிறையத் தண்ணீரில் அலசிக் கொஞ்ச நேரம் ஊறப்போட்டு, மறுபடி அலசித்தான் வைக்கிறேன். பப்பாளித் துண்டு மேலே இரண்டு, ஆசைக்கு.

தாடை தேறும்வரை எல்லாவற்றையும் பொடியாக அரிந்து கொடுத்தேன். இழுத்துக் கடிக்கும்போதுதான் மெத்தென்ற தாடை இன்னும் வளையும். முதல் சில நாள் அதுவாகத் தின்னவில்லை. கீரையை விழுதாக அரைத்து, டாக்டர் காட்டிக்கொடுத்தபடி உதட்டு ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டேன். தாடையைப் பிடித்துத் திறக்கும் வேலையே கூடாது.

பவுடர் இப்போதும் தூவுகிறேன், கால்சியம் கார்பனேட் மட்டும். மருந்துக் கடையில் கால்சியம் சிரப் கேட்டால் சிலது கால்சியம் பாஸ்பேட் கலந்ததாக இருக்கும். லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். டி3 கலந்த பவுடரில் இன்னும் நிதானம் தேவை. வெயிலில் தோல் தயாரிக்கும் டி3 ஓர் அளவுக்கு மேல் போகாது, அதிகமாவதை அந்த ஒளியே சிதைத்துவிடும். வாய் வழியாக உள்ளே போவதற்கு அப்படி ஒரு பூட்டு இல்லை. அளவு மீறினால் உறுப்புகளில் கால்சியம் படியும். நல்ல விளக்கு இருக்கும் வீட்டில் டி3 பவுடருக்குப் பெரிதாக வேலையும் இல்லை.

தாடி ஓணான், சிறுத்தைப் பல்லி வளர்க்கிறவர்களும் என்னிடம் கேட்கிறார்கள். அவற்றுக்குப் பூச்சிதான் பிரதானம். தாடி ஓணான் வளர வளரக் கீரைக்கும் மாறும். வளர்ப்புச் சில்வண்டில் கால்சியத்தைப்போல பல மடங்கு பாஸ்பரஸ். அதனால் தின்னக் கொடுப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே சில்வண்டுக்கு நல்ல கீரையும் கால்சியம் சேர்ந்த தீனியும் போட்டு வயிற்றை நிரப்பி, கொடுக்கும் நேரத்தில் பவுடரில் புரட்டிப் போட வேண்டும். புரட்டிய பூச்சியை உடனே தின்ன வேண்டும். நேரம் ஆனால் அது தன்னைத்தானே துடைத்துச் சுத்தமாகிவிடும். ராணுவ ஈப்புழு (பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்கிற ஈயின் புழு) மட்டும் விதிவிலக்கு, அதன் உடம்பிலேயே கால்சியம் அதிகம். எந்த இனமானாலும் பெண்ணாக இருந்தால் முட்டைப் பருவத்தில் இரட்டிப்புக் கவனம் தேவை. ஆண் துணையே இல்லாமலும் முட்டை கட்டும். ஓட்டுக்கு வேண்டிய கால்சியம் தாயின் எலும்பிலிருந்துதான் போகும்.

வெயில் காட்டுவதைப் பற்றி. சித்திரையில் மேகமில்லாத காலை 8 மணிக்கு எங்கள் மொட்டை மாடியில் மீட்டர் 1.5 காட்டுகிறது, 9 மணிக்கு 4-ஐத் தாண்டுகிறது, உச்சிக்கு 12. எந்த விளக்கும் அந்தக் காலை வெயிலுக்கு ஈடாகாது. வெல்ட்மெஷ்ஷில் சின்னதாக ஒரு வெளிக்கூண்டு கட்டி, பாதிக்கு ஓலை வேய்ந்து, உள்ளே தண்ணீர்த் தட்டும் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். காக்கையும் பூனையும் குரங்கும் வரும் ஊர் இது. கண்ணாடித் தொட்டியை அப்படியே வெயிலில் வைத்துவிடக் கூடாது; கொஞ்ச நேரத்தில் உள்ளே அடுப்பாகிப் பிராணி செத்துவிடும். ஆனி, ஆடி வந்துவிட்டால் எங்களுக்கு இந்த வெயில் கிடையாது. ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் அடித்து, குற்றாலத்துக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வரும் அந்த மாதங்களில், காலை 9 மணிக்கும் மீட்டர் 1-ஐத் தொடாத நாட்கள் உண்டு. குளிரும் சேர்ந்துகொள்வதால் வெளியே வைத்தால் உடம்புச் சூடு இறங்கித் தின்றது செரிக்காது. கிழக்கே பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கத்தில் வருடம் முழுக்க வெயிலை நம்பி வளர்க்கலாம் என்று சொல்லலாமோ என்னவோ, மலையடிவாரத்தில் இருக்கும் எங்களுக்கும் மலைக்கு அந்தப் பக்கம் புனலூர், கொல்லம்காரர்களுக்கும் டியூப் இல்லாமல் முடியாது.

குட்டனின் கணக்குக்கு வருகிறேன். விரல் துடிப்பு ஊசி போட்ட சில நாளில் நின்றது. தானாகக் கீரை தின்ன ஆரம்பித்தது ஆனி நடுவில். முதலில் வாய் வைத்தது செம்பருத்திப் பூவில். சமையல் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வந்தேன். முதலில் எடை ஏறவே இல்லை, தொடை வீக்கம் வற்றியதில் குறையக்கூடச் செய்தது. அதைப் பார்த்துப் பதற வேண்டாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஆடி கடைசியில் முன்னங்கால்களை ஊன்றி நெஞ்சைத் தூக்கியது. ஆவணியில் பெரிய கூண்டுக்கு மாற்றினேன், கிளையை முதலில் தாழ்வாகக் கட்டி, பிறகு மெல்ல மெல்ல உயர்த்தினேன். புரட்டாசி முடிவில் எடுத்த எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் ஓரம் வெள்ளையாகத் திரும்பியிருந்தது. தாடையை அழுத்தினால் கல் மாதிரி இருக்கிறது. கீழ்த்தாடை மேல்தாடையைவிடச் சற்றுக் குட்டையாக நின்றுவிட்டது, வாலில் இரண்டு இடத்தில் கோணல், வலது முன்னங்கால் கொஞ்சம் வளைவு. அவை இனி நிமிராது. தின்னவும் ஏறவும் அதனால் தடையில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு இன்னொன்று. உடும்பு நம் நாட்டு வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வீட்டில் வைப்பது குற்றம். பச்சை இகுவானா வெளிநாட்டு இனம்தான், ஆனாலும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இத்தகைய பிராணிகளை வைத்திருப்பதைப் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். மருமகன் காகிதத்தை ஒழுங்காக வைத்திருந்ததால் என் பெயருக்கு மாற்றுவதில் சிக்கல் வரவில்லை.

கூண்டில் பாக்கி இருப்பது ஒரே வேலை. சாரல் காலத்தில் காற்றுக்கு மரம் சாய்ந்து கரண்ட் போனால் சில சமயம் அரை நாள் வராது. டியூபை வீட்டு இன்வெர்ட்டரில் கொடுத்துவிட்டேன், 54 வாட்தான், தாங்கும். ஹாலஜனையும் அதில் ஏற்றினால் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடுகிறது. சூடு இல்லாமல் யுவிபி மட்டும் விழுந்து பாதிப் பயன்தான். அதனால் கூரையின் உள்பக்கம் தெர்மோகோல் ஒட்டி, முன்புற வலைக்கு ஒரு தார்ப்பாய்த் திரை தைத்து, இருக்கிற சூட்டைப் பிடித்துவைக்கப் பார்க்கிறேன். திரைத் துணி தையல் கடையில் இருக்கிறது.